பதினாலடிக் கித்தான்

விரலில் ஒட்டவில்லை. செண்பகவல்லி இன்னொரு தடவை கட்டைவிரலை நன்றாக அழுத்தி, மனசுக்குள் பத்து எண்ணிவிட்டு எடுத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை, ரேகையும் விழவில்லை, வார்னிஷ் காய்ந்தேவிட்டது. அப்பாடா என்று சொல்ல வாயைத் திறந்தவள், உள்ளறையில் படுத்திருக்கிற புருஷன் முழித்துவிடக் கூடாதே என்று அதை வெறும் மூச்சாக விட்டாள். ஐப்பசி மழையில் வார்னிஷ் அடிக்கிறவளுக்குப் புத்தி இருக்கிறதா என்று யாராவது கேட்டிருந்தால் இல்லை என்றே ஒத்துக்கொண்டிருப்பாள். மூன்றாவது பூச்சு அடித்த அன்றைக்குப் பிடித்த மழை நாலு நாள் விடவில்லை. முன்னறையில் நாற்காலிகளை எல்லாம் ஓரங்கட்டி, மேசை விசிறியை ராவும் பகலும் ஓடவிட்டு, போகும்போதும் வரும்போதும் குனிந்து தொட்டுத் தொட்டுப் பார்த்து, முதுகு விட்டுப்போயிற்று. கட்டிலில் இருந்தபடி அவர், "ஏளா, பெயின்ட் வாசம் வருதே, வீட்டுக்காரனா வெள்ளையடிக்கான்?" என்று கேட்டார், இவளும் ஆமாம் என்று சொல்லிவைத்தாள். அந்த வீட்டுக்காரன் வெள்ளையடித்து எட்டு வருஷம் ஆகிறது, அவருக்கும் அது தெரியும், இருந்தாலும் அதற்கு மேல் கேட்கவில்லை. இப்போதெல்லாம் அவர் எதையும் இரண்டாம் தடவை கேட்பதில்லை.

மத்தியானம் அவர் சாப்பிட்டுக் கண் அசந்த பிறகுதான் அந்தக் கித்தானை, லாரிக்குப் போர்த்துகிற முரட்டுத் துணியை, இழுத்துவந்து நடையில் விரித்தாள். கட்டிலை விட்டு எழுந்து அறைவாசலைத் தாண்டினால் ஒடுக்கமான ஒரு நடை, அதன் கடைசியில் பாத்ரூம், அளந்தால் சரியாகப் பதினாலடி. அந்தப் பதினாலடிக்கும் ஒரே துண்டாக, சுவரிலிருந்து சுவர் வரை, சந்தன நிறத்தில் கித்தான் படுத்துக் கிடந்தது. குறுக்கே ஒன்பது வரிசை, வரிசைக்கு மூன்றாகச் சிவப்புத் தாமரை, பூவையும் பூவையும் சேர்த்துப் பச்சைக் கொடி. பதினாலடி என்பது ஒரு தூரமா? பெருமாள் கோயில் பிராகாரத்தை ஒரு காலத்தில் பதினொரு சுற்றுச் சுற்றிவிட்டு, இன்னும் ரெண்டு சுத்துவோமா என்று கேட்ட மனுஷன். குற்றாலிங்கம் கண்டக்டர் என்றால் மாஞ்சோலை வண்டியில் எல்லாருக்கும் தெரியும், அந்த மலைப்பாதையில் வண்டி இந்தப் பக்கம் சாய்ந்து அந்தப் பக்கம் சாயும், உட்கார்ந்திருக்கிறவன் குடல் வாய்க்கு வரும், அவர் ஒரு கையில் டிக்கெட் கட்டையும் இன்னொரு கையில் சில்லறையையும் வைத்துக்கொண்டு, கம்பியைத் தொடாமல், நம் வீட்டுக் கூடத்தில் நடக்கிற மாதிரி நடப்பார். அந்தக் கால்தான் இன்றைக்கு அறைவாசலில் வந்து நின்றுகொள்கிறது. நடுக்குவாதம் என்றார் டாக்டர், மகள் பார்க்கின்சன் என்கிறாள், அவர் மட்டும், "வண்டி ஆஃப் ஆயிட்டு" என்பார். பாதம் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி, மேல் உடம்பு போகவேண்டும் என்று முன்னால் சாய, கால் மாட்டேன் என்று நிற்க, குதிகால் மட்டும் படபடவென்று துடிக்கும். பின்னால் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிற செண்பகவல்லிக்கு அந்தத் துடிப்பு தன் வயிற்றுக்குள்ளேயே கேட்கும். ஐயோ, இந்த நினைப்பெல்லாம் இப்போது எதற்கு, காய்ந்துவிட்டது, ஒட்டவில்லை, அதுவரைக்கும் சந்தோஷப்படு என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள்.

ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். ஓரம்தான் முக்கியம். ஓரம் தூக்கினால் போச்சு. அதை நினைத்ததும் வேண்டாம் வேண்டாம் என்றாலும் மனசு அந்தக் கறுப்பு டேப்புக்குப் போய்விட்டது, நாக்கு சொத்தைப் பல்லுக்குப் போகிற மாதிரி. வாரம் இரண்டு நாள் வந்து அவருக்குக் கை கால் பயிற்சி கொடுக்கிற ஜெபசெல்விதான் முதலில் சொன்னாள், "அம்மா, இவுங்களுக்கு வெறுந்தரையிலதான் கால் வராது. தரையில குறுக்க குறுக்க கோடு இருந்துச்சுன்னா அதைப் பாத்துக் கால் தன்னால வந்துரும். போட்டுப் பாருங்களேன்." செண்பகவல்லி நம்பவில்லை. கோட்டைப் பார்த்து நடப்பதற்கு அவரென்ன ரயிலா? அதற்கு முன்னால் ஜெபசெல்வி எண்ணிக்கொண்டே நடக்கச் சொல்லியிருந்தாள், ஒன்று இரண்டு என்று எண்ணினார்கள், வரவில்லை. பிறகு ஒரு நாள் ஆத்திரத்தில் இவள், "ரைட்!" என்று கத்தினாள், பார்த்தால் கால் கிளம்பிவிட்டது! மூன்று நாள் வீடெல்லாம் ரைட் ரைட் என்று சிரிப்பாணி. நாலாம் நாள் ரைட் என்றாள், நின்றார், மறுபடியும் ரைட் என்றாள், "தள்ளித்தான் விடணும் போல" என்று அவர் சிரித்தார், மூன்றாவது ரைட்டுக்கு அவர் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் சாக்பீஸால் கோடு போட்டாள், துடைத்ததும் போயிற்று. அதற்கப்புறம்தான் டேப். வழவழவென்ற வெள்ளைத் தரையில் கறுப்புக் கறுப்பாக ஒன்பது கோடு ஒட்டினாள், அவர் ஒவ்வொரு கோட்டின் மேலும் பாதத்தை வைத்து மிதித்து மிதித்துப் பாத்ரூம் வரைக்கும் போய்விட்டார். அன்றைக்கு அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது, பிள்ளை முதல் அடி வைத்தபோதுகூட அப்படி இருந்ததில்லை. பதினேழு நாள் அப்படியே ஓடியது. தினமும் தரையைத் துடைத்துத் துடைத்து ஐந்தாவது கோட்டின் ஓரம் லேசாகப் பிரிந்தது அவள் கண்ணிலும் பட்டது, சாயங்காலம் ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டாள். சாயங்காலத்துக்கு முன்னால் அது அவர் காலில் ஒட்டிக்கொண்டு அவரைச் சாய்த்துவிட்டது.

இடுப்பு தப்பியது கடவுள் செயல். மணிக்கட்டு வீங்கி மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தார். வீக்கம் வடிந்தது, பயம் வடியவில்லை, அவருக்கும், இவளுக்கும், ஓசூரில் இருக்கிற மகள் தெய்வானைக்கும். தெய்வானை போனில் அழுதாள், பிறகு பெரியவர்கள் மாதிரிப் பேசினாள், "அம்மா, அப்பா விழுந்து நீயும் கூடச் சேந்து விழுந்தா நான் யாரைப் பாக்க? டயாப்பர் கட்டிருவோம்மா, இப்போ எல்லாரும் கட்டுதாங்க, அதுல என்ன அசிங்கம்?" சொன்னதோடு நிற்கவில்லை, பெரிய பொதியாக ஒன்று அனுப்பியும் விட்டாள், அது பிரிக்காமல் பீரோ மேல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவளே வருகிறாள். வந்தால் பிரித்துவிடுவாள், காரியக்காரி, அப்பா மேல் உயிர், அதனாலேயே பிரித்துவிடுவாள். இன்றைக்கு வியாழன். பொதி வந்த அன்றைக்கு அவர் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரிச் சாப்பாட்டை இவள் ஊட்டும்போது, "வல்லி, என்னைப் படுக்கையில போட்டுராத" என்றார். அவ்வளவுதான். கல்யாணம் ஆன முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் அவளிடம் கெஞ்சி ஒன்று கேட்டது அதுதான். போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சொல்வதற்கு என்ன, வாய் இருக்கிறது. யாரும் பிடிக்காமல் இந்தப் பதினாலடியை அவர் நடந்துவிட்டால் தெய்வானை பொதியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவாள், நடக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை முதல் அவர் எழுந்திருக்கவே வேண்டாம். எழுந்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மனுஷன் எத்தனை நாள் எழுந்திருப்பான்?

ஒட்டவில்லை, ஒட்டவில்லை. ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து முதல் வரிசையிலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். போனில் ஒரு வெள்ளைக்காரி கித்தானில் படம் வரைந்து தரையில் விரிக்கிற வீடியோவை எதேச்சையாகப் பார்த்ததுதான் இத்தனைக்கும் காரணம். அவள் பேசியது பாதி புரியவில்லை, கை செய்தது முழுக்கப் புரிந்தது. சோப்புப் போடக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது, பிழிந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், ஒருநாளும் மடிக்கக் கூடாது, மடித்தால் பெயின்ட் வெடித்துவிடும், சுருட்டி வைப்பதானால் படம் வெளிப்பக்கம் வரச் சுருட்ட வேண்டும். புடவையைக்கூட இவ்வளவு மரியாதையாக அவள் பார்த்துக்கொண்டதில்லை. தார்ப்பாய்க் கடைக்காரர் வெட்டும்போது, "என்னம்மா, லாரி வாங்கியிருக்கியளா?" என்று கேட்டார், ஆமா ஒரு பழைய வண்டி, ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது என்றாள், அவர் நிஜமாகவே எந்த வருஷத்து வண்டி என்று விசாரித்தார். ஓரத்தை ஓரங்குலம் உள்ளே மடித்துப் பசை போட்டு, அம்மிக்கல்லையும் அரிசி டின்னையும் மேலே ஏற்றி, பிரைமர் இரண்டு கை, உப்புத்தாள் போட்டு ஒரு தேய்ப்பு, மறுபடி ஒரு கை, பெயின்ட், வார்னிஷ் மூன்று கை. கடைசிக் கை ஈரமாக இருக்கும்போதே ஆற்றுமணலை டீ வடிகட்டியில் சலித்துத் தூவினாள், அது அவளுடைய சொந்த மூளை. வழுக்கினால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்து ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தபோது, மணல் ஒட்டியிருக்கிற உப்புத்தாள் வழுக்குவதில்லையே என்று பட்டது. இப்போது உள்ளங்கையால் தடவினால் பூனை நாக்கு மாதிரி லேசாகச் சொரசொரக்கிறது. அடியில் ரப்பர் விரிப்பு. எந்தப் பக்கம் இழுத்தாலும் நகரவில்லை. எல்லாமே சரியாக வந்திருக்கிறது என்று நினைத்ததும் அவளுக்குத் திக்கென்றது, எல்லாம் சரியாக வந்திருக்கிறது என்று நினைத்த அன்றைக்குத்தான் டேப் பிரிந்தது.

எதையாவது விட்டிருக்கிறேனா, எதை விட்டேன், எதை விட்டேன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஓரம், ரப்பர், மணல், வாசம் போய்விட்டது, வெளிச்சம் போதும். கறுப்பில் பூசினால் சிலருக்குப் பள்ளம் மாதிரித் தெரியுமாம், ஜெபா சொன்னாள், அதனால்தான் சிவப்பு. வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, டேப்புக்கு இருந்த அதே கணக்கு. பூவின் அகலம் அரையடி, அவர் பாதம் வசதியாக உட்கார இடம் வேண்டுமே. வெறும் கோடாகவே போட்டிருக்கலாம், ஜெபாவும் கோடுதான் சொன்னாள். பென்சிலும் அடிக்கோலும் எடுத்து உட்கார்ந்தபோது, இந்தப் பட்டை பட்டையான கோடுகளைப் பார்த்தால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும், அவர் விழுந்தது நினைப்புக்கு வரும், வேண்டாம் என்று கை மறுத்துவிட்டது. ஜன்மாஷ்டமிக்குப் போடுகிற மாதிரிக் குட்டிப் பாதம் போடலாமா என்று முதலில் யோசித்தாள். பாதத்தின் மேல் பாதம் வைப்பது எளிது. ஆனால் சாமி பாதத்தின் மேல் மனுஷப் பாதமா, சிவசிவ என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, கோலத்துக்குப் பழகின கையாச்சா, தாமரைக்கு வந்துவிட்டாள். எந்தக் காரியத்தைச் சொன்னாலும் ஒரு சுற்றுக் கூடுதலாகத்தான் செய்வாள், "கோடு போடச் சொன்னா ரோடு போடுத ஆளு நீ" என்று அவரே எத்தனை தடவை கேலி செய்திருக்கிறார். வழுக்குகிறதா என்று கடைசியாக ஒரு தடவை நாமே நடந்து பார்த்துவிடுவோம் என்று எழுந்தாள். ஈரக்காலோடு நடந்தால்தான் தெரியும். வாளியில் காலை நனைத்துக்கொண்டு அறைவாசலில் வந்து நின்று, முதல் வரிசையின் நடுத் தாமரையைப் பார்த்து வலது காலைத் தூக்கினாள். தூக்கின கால் தூக்கினபடி நின்றது.

இறங்கவில்லை. இறக்கு என்றாள், இறங்கவில்லை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் பூவின் மேல் விழுந்தது, குதிகால் அந்தரத்தில் நடுங்கியது, ஒரு நிமிஷம் தனக்கும் அந்த வியாதி வந்துவிட்டதோ என்றே நினைத்துவிட்டாள். வியாதியில்லை. அது கோலம். சந்தனப் பூச்சும் வார்னிஷும் மணலும் போட்டு மூன்று வாரம் பாடுபட்டு அவள் செய்து வைத்திருப்பது ஒரு கோலம், அதுவும் தாமரைக் கோலம், வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற இடத்தில் போடுகிறது. சாமி பாதம் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுச் சாமி உட்காருகிற பூவைப் போட்டு, மிதி என்று விரித்திருக்கிறாள்! மூன்று வாரமாகப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வரைந்தாளே தவிர மேலே காலே வைக்கவில்லையே, வைத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு, பெயின்ட்டுதான், பெயின்ட்டுதான் என்று சொல்லி மிதித்துவிட்டாள். உடம்பு கூசிப்போயிற்று. அடுத்த கணமே குனிந்து பூவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கே இப்படியென்றால் அவருக்கு? மார்கழியில் முதல் டிரிப்புக்குக் கிளம்பும்போது காக்கிப் பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோலத்தின் இழைக்கும் இழைக்கும் நடுவில் கொக்கு மாதிரி காலை வைத்து வைத்துப் போவார், தெரு முழுக்க அதைப் பார்த்துச் சிரிக்கும். ஒரு வருஷப் பிறப்புக்கு வாசலை அடைத்து இவள் பெரிய கோலமாகப் போட்டுவிட, வெளியூரில் தங்கிவிட்டு விடியக்காலம் வந்த மனுஷன் உள்ளே வர வழியில்லாமல், பையைக் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் தெருவிலேயே நின்றார். இவள் எட்டிப் பார்த்து, மிதிச்சுட்டு வாங்களேன், அழிஞ்சா அழியட்டும் என்றதற்கு, போட்டவளுக்கு முன்னாலயே மிதிக்கச் சொல்லுதியா என்று கோபித்துக்கொண்டார். அந்த மனுஷனுக்கு நான் நடைபாதையில் தாமரை விரித்து வைத்திருக்கிறேன். ஏற்கெனவே நின்றுபோகிற காலுக்கு நிற்பதற்கு இன்னொரு காரணத்தையும் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

மணி மூன்றேகால். நாலு மணி மாத்திரைக்கு அவர் முழிப்பார், முழித்ததும் பாத்ரூம்தான். என்ன செய்யலாம், என்ன செய்யலாம்? மேலே சந்தனத்தை அடித்துப் பூவை மூடலாம், காய்வதற்கு எத்தனை நாள் என்று மழைதான் சொல்ல வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். திருப்பிப் போடலாம், அடிப்பக்கம் வெறும் கித்தான், அதில் கோடும் இல்லை மணலும் இல்லை. பூவின் மேல் டேப் ஒட்டலாம், டேப்பா, அந்தச் சனியன் இந்த வீட்டுக்குள் வரக் கூடாது. மிதிங்க, ஒண்ணுமில்ல என்று அவரிடம் சொல்லலாம், மிதிப்பாரா, மிதிக்க மனசில்லாமல் மிதித்து, அந்தக் கூச்சத்திலேயே கால் பின்னி விழுவார். மூன்று வாரம். அறிவு கெட்ட முண்டம். போட்ட அழகு ஒன்றுதான் குறைச்சல்! சொன்னதை மட்டும் செய்யத் தெரியாத ஜென்மம், அடிக்கோல் வைத்து ஒன்பது கோடு போட உனக்கு வலிக்கிறதா என்று தன்னை வாய்விட்டே திட்டிக்கொண்டு, பாத்ரூம் பக்கத்திலிருந்து சுருட்ட ஆரம்பித்தாள். படம் வெளியே வரவேண்டும் என்பதையும் மறக்கவில்லை, ஆத்திரத்திலும் கை அதைச் சரியாகத்தான் செய்தது. நாலு வரிசை சுருட்டியாயிற்று. கித்தான் கனத்தது, ரப்பர் விரிப்பும் கூடவே எழும்பி வந்தது, அதை ஒரு முழங்காலால் அமுக்கிக்கொண்டு அழுகையை விழுங்கினாள். பரவாயில்லை, எடுத்து ஓரமாக நிறுத்திவிட்டு எப்போதும் போல இடுப்பைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவோம், ஞாயிற்றுக்கிழமை தெய்வானை வரட்டும், அவள் பார்த்துக்கொள்ளட்டும். அப்போது உள்ளே கட்டில் கிரீச்சென்றது.

"ஏளா."

"எந்திரிக்காதிய, வந்துட்டேன்" என்று கத்தினாள்.

"எந்திரிச்சுட்டேன்." நிஜமாகவே எழுந்து நின்றிருந்தார், கட்டிலின் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு. மத்தியான மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரம், அறைக்குள் அவருக்கு எப்போதும் பிரச்சினையில்லை, வாசல்தான் பகை. பாதி சுருட்டின கித்தான் நடைக்கு நடுவில் உருளையாகக் கிடந்தது. இதில் இடறினால் அவ்வளவுதான். மிச்சத்தைச் சுருட்டித் தூக்கி நிறுத்துவதற்குள் அவர் வாசலுக்கு வந்துவிடுவார், திரும்ப விரிப்பது ஒன்றுதான் இப்போது சீக்கிரம். உருளையை ஒரு தள்ளுத் தள்ளினாள், அது தன்பாட்டுக்கு உருண்டு பாத்ரூம் வாசலில் போய்ப் படுத்தது. ஓடிப்போய் ஓரத்தைக் காலால் நீவிவிட்டாள், எந்தப் பூவை மிதித்தோம் என்றே பார்க்கவில்லை. திரும்பியபோது அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். குதிகால் ஆரம்பித்துவிட்டது. படபடபட. அவர் குனிந்து தரையைப் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யாரு போட்டது?"

"நான்தான்."

"அதான பாத்தேன், வெள்ளையடிச்ச வாசமா அது" என்றவர் முதல் வரிசையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கண்ணால் அளந்தார். ஒதுங்கிப் போக இடமில்லை, சுவரிலிருந்து சுவருக்குப் போட்டு வைத்திருக்கிறாள் பாதகத்தி. "நட்டநடு வீட்டுல, மனுஷன் நடக்குத பாதையில போட்டு வச்சிருக்கியே, உனக்கு வேற எடமே கெடைக்கலையா? எங்கன கால வைக்க?"

மிதிங்க, பூவு மேல வைங்க, அதுக்குத்தான் போட்டேன், வெறும் பெயின்ட்டுதாங்க. இதையெல்லாம் சொல்லத்தான் நினைத்தாள். அவரிடம் போய் மிதி என்று எப்படிச் சொல்வாள்? இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவர் பக்கம் போக ஒரு அடி எடுத்தாள், அதற்குள் அவர் வலது கால் மேலே எழுந்தது. இழுத்துக்கொண்டு வருகிற கால் அல்ல, முழங்கால் மடங்கி, வேட்டி விலக, நன்றாக மேலே எழுந்து, தாமரை வரிசைக்கு மேலாகப் போய், அந்தப் பக்கம் இருந்த சந்தன வெறுமையில் பாதம் முழுசாக உட்கார்ந்தது. நிலையை விட்டுக் கை எடுத்தார். இடது கால் எழுந்தது. "இதுல கொடி வேற" என்று முனகினார். இரண்டாவது வரிசையைத் தாண்டினார். மூன்றாவதைத் தாண்டினார். செண்பகவல்லி நீட்டின கையை நீட்டினபடி பின்னால் நகர்ந்து, அவருக்கு வழிவிட்டுப் பாத்ரூம் வாசலருகே சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மிதிக்க என்று அவள் பூப் போட்டாள், மிதிக்காமல் இருப்பதற்காக அவர் காலைத் தூக்குகிறார், தூக்குகிற கால் நிற்கவில்லை, அது மட்டும்தான் புரிந்தது, அதற்கு மேல் எதையும் யோசிக்க அவளுக்குப் பயமாக இருந்தது, யோசித்தால் கலைந்துவிடும். நாலு. ஐந்தாவது வரிசையில்தான் அன்றைக்கு டேப் காலில் ஒட்டியது. ஐந்தின் முன்னால் ஒரு கணம் நின்றார், "இந்தப் பூவு ஒண்ணு சின்னதாப் போச்சே" என்று சொல்லிவிட்டுத் தாண்டினார். ஆமாம், அந்தப் பூ போடும்போது பால் பொங்கிற்று, ஓடிப்போய் வந்து போட்டது, சின்னதாகத்தான் போயிற்று. ஆறு, ஏழு. அவர் முகத்தில் அந்தப் பழைய சிடுசிடுப்பு, படிக்கட்டில் நிற்கிறவனை உள்ளே போ என்று சொல்கிற சிடுசிடுப்பு, அதைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று. எட்டு. ஒன்பதாவதைத் தாண்டிய கால் பாத்ரூம் வாசற்படியையும் அதே வேகத்தில் தாண்டி உள்ளே இறங்கியது.

வழக்கம் போல அவளும் பின்னாலேயே போனாள். நாலு மாதமாக அந்தக் கதவு ஒருக்களித்தே இருக்கும், அவள் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு கையால் அவர் முழங்கையைப் பிடித்தபடி நிற்பாள், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இன்றைக்கு அவள் வாசலுக்கு வருவதற்குள் கதவு அவள் முகத்துக்கு நேராகச் சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் கொஞ்ச நேரம் கடகடவென்று ஆடியது, அவர் கை நடுங்குகிற கடகட, பிறகு விழுந்தது. நீட்டியிருந்த இரண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியாமல் செண்பகவல்லி சேலையில் துடைத்துக்கொண்டாள். சந்தோஷமாக இருந்தது, ரொம்பச் சந்தோஷமாக இருந்தது, கண்ணிலிருந்து அதுபாட்டுக்குத் தண்ணீர் வந்தது. இன்னும் திரும்பி வர வேண்டும், அதற்கும் ஒன்பது வரிசை, நாளைக்கும் வர வேண்டும், ரைட் மாதிரி இதுவும் ஒரு நாள் நின்றுபோகலாம், எல்லாம் அவளுக்குத் தெரியும், தெரிந்தும் அந்தச் சாத்தின கதவைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தோஷம் அடங்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் உள்ளே கேட்டிருக்க வேண்டும்.

"ஏளா, அங்கனயே நிக்கியா?"

"இல்லைங்க."

"நிக்கத்தான் செய்யுத. நீ நின்னா எனக்கு வராது. போ அங்கிட்டு."

"போறேன், போறேன்" என்றாள், போனாள்.